பதினாறு மில்லிமீட்டர்

பதினாறு என்று ஸ்கேன் அறையில் டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த பெண், ஒன்று ஆறா என்று திருப்பிக் கேட்டாள். ஒன்று ஆறுதான், மில்லிமீட்டர் என்றார் அவர். திரைக்கு இந்தப் பக்கம் மாமியாரின் செருப்பையும் மூக்குக் கண்ணாடியையும் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்த இந்துமதிக்கு அதைக் கேட்டதும் முதலில் வந்தது பொறாமை. பயம் இல்லை, பரிதாபம் இல்லை, பொறாமைதான். அது யாருடைய எண், அந்த எண்ணுக்கு அந்த வயதில் என்ன பொருள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஆறு வருடங்களாக அவள் காதில் விழுந்த எண்கள் எல்லாம் சிறியவை. ஐந்தரை. ஆறு. ஒரு முறை ஆறு புள்ளி இரண்டு வந்தபோது நர்ஸ் அவள் தோளைத் தட்டி, வருது பாருங்க அக்கா, வந்துரும் என்றாள். வரவில்லை. ஏழு வேண்டும், எட்டு இருந்தால் நிம்மதி, அதற்குக் கீழே கருவை உள்ளே வைத்தாலும் தங்காது என்று கோயம்புத்தூரில் அந்த டாக்டர் சொல்லியிருந்தார். மெத்தை மாதிரிம்மா என்று உள்ளங்கையை மேசைமேல் விரித்துக் காட்டினார். மாதாமாதம் உடம்பு ஒரு மெத்தையைப் போட்டு வைக்கிறது, யாரும் வந்து படுக்கவில்லை என்றால் சுருட்டி வெளியே எறிந்துவிடுகிறது. உங்கள் மெத்தை கனம் பிடிக்கவில்லை. காத்திருக்கும் கூடங்களில் மற்றப் பெண்கள் சாமி படத்தையும் சமையல் வீடியோவையும் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அந்த மெத்தையைப் பற்றியே பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தாள். எந்த நாளில் எத்தனை இருக்க வேண்டும், எந்த மருந்துக்கு எவ்வளவு வளரும், எதனால் வளர்ச்சி நிற்கும், எல்லாம் படித்தாள். மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கு உடம்பு மெத்தை போடுவதையே விட்டுவிடும், காகிதம்போல் ஆகிவிடும், நாலு வரை இருக்கலாம், அதற்கு மேல் இருந்தால், அதிலும் நின்றுபோனவளுக்கு மறுபடி ரத்தம் கண்டால், உடனே பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. தனக்கு வேண்டாத பக்கம் என்று தள்ளிவிட்டாள். தள்ளிய பக்கங்கள்தான் மனத்தில் அப்படியே நிற்கின்றன. பதினாறு. நாலு நாலு பதினாறு.

மாமியார் தெய்வாத்தாள் சேலையைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தாள். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, செருப்பில் காலை நுழைக்குமுன்பே கேட்டாள். "எத்தனையாமா?" இந்துமதி சொல்லியிருக்க வேண்டியதில்லை. டாக்டர் சொல்வார் என்று சொல்லியிருக்கலாம். "பதினாறுங்கத்தை" என்றாள். தெய்வாத்தாளின் முகம் மெல்ல விரிந்தது. கூச்சமும் பெருமையுமாக, வயதுக்கு வந்த செய்தியைக் கேட்ட பெண்ணின் முகம்போல. "ரெண்டு எட்டு" என்றாள். "பாத்தியா புள்ள. நின்னு அஞ்சு வருசமாச்சு. இன்னமும் எனக்கு ரெண்டு எட்டு இருக்குது." அப்போதுதான் இந்துமதிக்குப் புரிந்தது, இந்தப் பொம்பளை தன்னுடன் கோயம்புத்தூர் வந்து வந்து படித்த பாடம் அது ஒன்றுதான் என்று. எட்டு வந்தால் பாஸ், குறைந்தால் பெயில். எல்லா ஸ்கேனுக்கும் உடன் வந்தாள், வர வேண்டாம் என்றாலும் வந்தாள். தாளை வாங்கி எண் எங்கே இருக்கிறது என்று விரலால் தேடினாள், வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே நாத்தனார்கள் இருவருக்கும் போன் போட்டுச் சொன்னாள். காங்கேயத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், இலைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியம்மா முறைக்காரியிடம், ரசத்துக்குக் குழி செய்துகொண்டே சொன்னாள்: அஞ்சரைதானாமாக்கா, உள்ள மெத்தையே இல்லியாமா, வெறுந் தரையில எதைக் கொண்டி படுக்க வெக்கிறது. பெரியம்மா இந்துமதியின் இலையைப் பார்த்தாள். நெய் ஊத்திச் சாப்பிடச் சொல்லு என்றாள். பரிமாறிக்கொண்டு வந்த ஆள் நெய்க் கிண்ணத்தோடு நின்றான். வெறுந் தரை என்ற சொல் அன்றோடு போகவில்லை. அடுத்த பொங்கலுக்கு நாத்தனார் மகள், எட்டு வயசு, மாடியில் விளையாடிக்கொண்டிருந்தவள், அத்தே உங்க வயித்துல தரையா இருக்குது என்று கேட்டாள். குழந்தை தெரியாமல் கேட்டது. தெரிந்தவர்கள் கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது நல்ல எண் இல்லீங்கத்தை என்று இப்போதே, இந்த வராந்தாவில், சொல்லிவிடலாம். நாலே சொல்தான். டோக்கன் முப்பத்திரண்டு, உள்ளே இருபத்தாறு போய்க்கொண்டிருந்தது. இரும்பு நாற்காலிகள் நான்கு நான்காகச் சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்ததால் யார் எழுந்தாலும் மற்ற மூன்று பேரும் ஒருமுறை அசைந்தார்கள். தெய்வாத்தாள் ரிப்போர்ட் கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவள் வந்தது எண்ணுக்காக இல்லை, ரத்தத்தை நிறுத்துகிற மாத்திரைக்காக. பங்குனியில் முதல் முறை கறை பட்டபோது அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. அவர்கள் கூட்டத்துக் குலதெய்வக் கோயிலில் மாவிளக்குக்கு மாவு இடிப்பது நின்றுபோன பெண்கள் மட்டும். அதிலும் உலக்கையை முதலில் பிடிப்பவள் என்று ஒருத்தி உண்டு. ஐந்து வருடத்துக்கு முன்பு அந்த இடம் தெய்வாத்தாளுக்கு வந்தது. வந்த நாளிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. எவள் சுத்தம், எவள் தூரம், எவள் தலைக்கு ஊற்றாமல் படி ஏறினாள் என்று சொல்லும் வாய் அவளுடையது. பங்குனிப் பொங்கலன்று கறையோடேயே உலக்கையைப் பிடித்தாள். முதல் நாள் லேசாகக் கண்டதை ஏதோ சூடு என்று விட்டுவிட்டாளாம், இடித்துக்கொண்டிருக்கும்போதுதான் தொடையில் ஈரம் தெரிந்ததாம், கை நிற்கவில்லையாம். இதை அவள் இந்துமதியிடம் சொன்னது போன வாரம். கிணற்றடியில் சேலையைத் தானே அலசிக்கொண்டிருந்தபோது இந்துமதி பார்த்துவிட்டாள். மகள்களிடம் சொன்னால் சம்பந்தி வீட்டுக்குப் போய்விடும், மாமனாருக்குத் தெரிந்தால் கோயிலில் அபராதம் கட்டச் சொல்வார், மகனிடம் எப்படிச் சொல்வது, நீதான் ஆஸ்பத்திரி எல்லாம் தெரிஞ்சவ என்றாள். ஆஸ்பத்திரி தெரிந்தவள். பதினொரு வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பட்டம். ஆடிக்குள் நின்றுவிட வேண்டும், ஆடியில் மறுபடி மாவு இடிப்பு இருக்கிறது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. இந்துமதிக்கு நான்கு மாதமாக ஒன்றும் வரவில்லை. முதல் மாதம் நம்பினாள், குளியலறையில் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை வைத்துக்கொண்டு ஒற்றைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் மாதம் புரிந்துவிட்டது. முட்டை தீர்ந்துகிட்டு வருதும்மா, உங்க வயசுக்குச் சீக்கிரம்தான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் காலண்டரில் மாமியார் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கும் தேதி வந்ததும் இந்துமதி மூன்று நாள் சாமி அறைப் பக்கம் போகவில்லை, தனித் தட்டில் சாப்பிட்டாள், பின்கட்டில் பாய் விரித்தாள், நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். வராதவள் வந்ததுபோல் ஒதுங்கினாள். வந்தவள் வராததுபோல் உலக்கை பிடித்தாள். ஒரே கூரைக்குக் கீழே. சிரிப்பு வந்தது. பக்கத்து நாற்காலிப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

இருபத்தேழு. இன்னும் நேரமிருக்கிறது. நேரமிருக்கிறது என்பதுதான் கஷ்டம். எண்ணைப் பற்றி நினைத்தால் மாத்திரையைப் பற்றி நினைக்க வேண்டிவருகிறது, அதனால் அவள் மின்விசிறியைப் பற்றி நினைத்தாள், மூன்று இறக்கையில் ஒன்று மட்டும் வேறு நிறம். சுவரில் ஒட்டியிருந்த கர்ப்பப்பைப் படத்தைப் பற்றி நினைத்தாள், அதில் உள்பக்கத்து விளிம்பைச் சிவப்பாகத் தடித்துக் காட்டியிருந்தார்கள், கொய்யாப்பழத்தை அரிந்தால் தெரிவதுபோல. அங்கிருந்து நேராக மாத்திரைக்கே வந்துவிட்டது. வெள்ளை மாத்திரை. மெத்தையைக் கனமாக்குவதற்குக் கோயம்புத்தூரில் அவளுக்குக் கொடுத்தது. கரு வைத்தது மூன்றாம் தடவையும் தோற்று, இனி வேண்டாம் என்று கணவன் மோகனசுந்தரம் சிகிச்சைக் கோப்பைத் தூக்கிப் பரணில் போட்ட பிறகும் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அட்டைகள் மீந்திருந்தன. எதற்கு வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. அந்த நாள்களில் தெய்வாத்தாளுக்கு உடம்பு முழுக்க நெருப்பாக எரிந்தது. பட்டப்பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்து சிவந்து வியர்வை கொட்டும், முந்தானையால் விசிறிக்கொண்டே யாரையாவது திட்டுவாள், அந்த யாராவது பெரும்பாலும் இந்துமதி. தூக்கமே இல்லை என்பாள், கிணற்றில் குதிக்கலாம்போல் இருக்கிறது என்பாள். ஒரு நாள் அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அவளேதான் கேட்டாள். இந்த மாத்திரையை நின்னுபோனவங்களுக்குச் சூட்டுக்கும் குடுக்கறாங்களாமே, எதுக்குச் சும்மா கெடக்குது. ஆமாம், அவளேதான் கேட்டாள். இதை இந்துமதி அடிக்கடி தனக்குச் சொல்லிக்கொள்வாள். அவள் கேட்டாள், நான் கொடுத்தேன். அது பொய்யில்லை, சூட்டுக்கும் கொடுப்பார்கள். ஆனால் தனியாகக் கொடுப்பதில்லை. கோயம்புத்தூர் நர்ஸ் அட்டையை வெட்டிக்கொண்டே சொல்லியிருந்தாள்: இது மட்டும் நிறுத்தாம சாப்புட்டீங்கன்னா உள்ள வளந்துகிட்டே போகும்க்கா, அதுக்குத்தான் இடையில அந்த ரெண்டாவது மாத்திரை, அது வந்தாத்தான் வளர்றது நிக்கும். ரெண்டாவது மாத்திரையும் டப்பாவில் இருந்தது. மஞ்சள் பெட்டியில். அவள் வெள்ளையை மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

தெரிந்துதான் கொடுத்தேனா. அன்றைக்கு அந்த நர்ஸின் குரல் ஞாபகத்தில் இருந்ததா, இல்லை பிறகு வந்து சேர்ந்ததா. டப்பாவைத் திறந்த கையை அவளால் பார்க்க முடிகிறது, வெள்ளை அட்டையின் முனை கிழிந்திருந்ததுகூடத் தெரிகிறது, மஞ்சள் பெட்டியை விரல் ஒதுக்கித் தள்ளியது தெரிகிறது. தள்ளிய விரலுக்குள் என்ன இருந்தது என்பது மட்டும் தெரியவில்லை. ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம். மனிதருக்கு அப்படி ஒன்றும் இல்லாமல் ஒரு விரல் அசையுமா. பத்தே நாளில் தெய்வாத்தாள் தூங்கினாள். வியர்வை நின்றது. ஒரு நாள் காப்பியைக் குடித்துவிட்டு, நல்லா இருக்குது கண்ணு என்றாள். கண்ணு. மோகனசுந்தரம் என்ன ஆச்சு அம்மாவுக்கு என்று ஆச்சரியப்பட்டான். வீட்டில் டம்ளர் வைக்கும் சத்தம்கூட மாறிவிட்டது. அந்த நிம்மதி இந்துமதிக்குப் பிடித்திருந்தது, அதை நிறுத்த மனம் வரவில்லை, அதனால்தான் டப்பா தீர்ந்ததும் பழைய சீட்டையே காட்டிப் பெருந்துறை ரோட்டு மருந்துக் கடையில் மறுபடி வாங்கினாள், மறுபடியும் வாங்கினாள், கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் மத்தியானம் ஒன்று. அவளே அட்டையிலிருந்து பிதுக்கி அத்தையின் உள்ளங்கையில் வைப்பாள். அத்தை அட்டையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளமாட்டாள், மாமனார் கண்ணில் பட்டால் கேட்பார் என்று. பத்து மாதம். மெத்தையை யாரும் சுருட்டி எறியாமல் பத்து மாதம். ஒரு நாளைக்கு எவ்வளவு வளர்ந்திருக்கும், ஒரு முடியின் கனத்தில் எத்தனையில் ஒரு பங்கு. தன் வயிற்றில் ஊசியும் மாத்திரையும் வெண்ணெயும் மாதுளையும் போட்டு ஏழுவரை கொண்டுவர முடியாதவள், இன்னொருத்தியின் வயிற்றுக்குள் பதினாறை வளர்த்திருக்கிறாள். அவள் வளர்த்ததிலேயே வளர்ந்தது அது ஒன்றுதான். திரைக்குப் பின்னால் வந்த அந்தப் பொறாமை ஏன் வந்தது என்று இப்போது தெரிந்தது. அது பொறாமையாகக்கூட இருந்திருக்காது. கையில் மார்க் ஷீட்டை வாங்கும்போது வருமே, அதுவாக இருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். குழாய்க்கு மேலே கண்ணாடி இருந்தது. அதைப் பார்க்காமல் திரும்பி வந்தாள்.

இருபத்தொன்பது. டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மாத்திரையால் வளர்ந்தது என்று தெரிந்தால் நிறுத்தினாலே பாதி சரியாகும், டாக்டர் அதற்குத் தக்கபடி பார்ப்பார். தெரியாவிட்டால் வேறு மாதிரி நினைப்பார், வயிற்றைக் கிழிப்பார். அதுவும் இல்லாமல், மாத்திரையாலேயே அது கெட்டதாக மாறியிருக்கவும் கூடும், அதையும் படித்திருக்கிறாள். கெட்டது என்றுதான் மனத்துக்குள்ளும் சொல்லிக்கொண்டாள். பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும். மேடம், நான் என் மாத்திரையைக் கொடுத்தேன். எந்த மாத்திரை. யார் கொடுக்கச் சொன்னது. எத்தனை மாதம். ரெண்டாவது மாத்திரை கொடுத்தீர்களா. ஏன் கொடுக்கவில்லை. அந்த ஏன் என்ற இடத்தில் அவள் வாக்கியம் ஒவ்வொரு முறையும் நின்றது. தெரியாது என்று சொல்லலாம். ஆறு வருடம் சிகிச்சை எடுத்தவளுக்குத் தெரியாதா என்பார். பிறகு மோகனசுந்தரம். அவன் கத்தமாட்டான். கோப்பைப் பரணில் போட்டதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவான். நாத்தனார்கள் கத்துவார்கள். ஒரு வார்த்தை இருக்கிறது, அதைச் சொல்வார்கள். வெறுந் தரை என்பதைவிடப் பெரிய வார்த்தை. பிள்ளை பெறாதவளின் வயிற்றெரிச்சல் என்பார்கள், அது உண்மையில்லை என்று அவளால் சத்தியம் செய்ய முடியாது. இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதே தெய்வாத்தாள் சுருக்குப்பையிலிருந்து ஒரு கொய்யாக்காயை எடுத்து, மடியில் வைத்து இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை அவளிடம் நீட்டினாள். காலையிலிருந்து ஒண்ணும் திங்கலியே நீ என்றாள். இந்துமதி வாங்கிக் கடித்தாள். இப்போது சொல்லலாம், கடித்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாக. அத்தை, அது நல்லதுக்கான எண் இல்லை. தெய்வாத்தாள் அவள் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு யோசனை சொன்னாள். எனக்கே இந்த வயசுல இத்தனை பிடிக்குதுன்னா அந்த மருந்துல குத்தமில்ல. உன்ற உடம்புதான் எதையும் ஏத்துக்கறதில்ல. ஒருக்கா பழனிக்கு நடந்து போயிட்டு வந்து மறுபடி போட்டுப் பாரு. அன்பாகத்தான் சொன்னாள். கொய்யா விதை பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. அதை நாக்கால் நெம்பிக்கொண்டிருந்ததில் முப்பது, முப்பத்தொன்று போயிற்று. சொல்லப்போகிறேன், உள்ளே போனதும் முதல் வாக்கியம் அதுதான் என்று அவள் முடிவு செய்தாள். முடிவு செய்ததும் மனம் லேசானது. அந்த லேசை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்த கண் ஒரு வரியில் நின்றது. அந்த வரி எது என்று இந்துமதிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரிந்தது. கொஞ்சம் தடிச்சிருக்கும்மா என்று சிரித்த முகத்தோடு தெய்வாத்தாளிடம் சொன்னாள், உள்ளேயிருந்து துளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிப் பார்த்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை. தெய்வாத்தாள் தலையை ஆட்டினாள். தடித்திருக்கிறது என்ற சொல் அவளுக்குப் பயமாகவா இருக்கும். நிறுத்துவதற்கு மாத்திரை தருவீர்களா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றாள் டாக்டர். பிறகு இந்துமதியைப் பார்த்து ஆங்கிலம் கலந்து, வேகமாக, இந்த வயதில் நாலுக்கு மேல் இருக்கக் கூடாது, இது ரொம்ப அதிகம், தள்ளிப் போட வேண்டாம், வீட்டில் பேசிக்கொள்ளுங்கள், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியும் வரலாம் என்றாள். இந்துமதி ஒவ்வொன்றுக்கும் சரி என்றாள். முதல் வாக்கியத்துக்கான நேரம் போய்விட்டது, ஆனால் இன்னும் வாக்கியங்கள் இருந்தன. டாக்டர் பேனாவை எடுத்தாள். சுகர், பிரஷர், ஏற்கெனவே ஆபரேஷன், வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள். வேறே மாத்திரை ஏதாவது எடுத்துக்கறாங்களா, ஹார்மோன் மாதிரி? தெய்வாத்தாள் முந்திக்கொண்டு, சத்து மாத்திரை ஒண்ணு மட்டுமுங்க, என்ற மருமவ குடுப்பா என்றாள். டாக்டர் பேனாவை நிறுத்தி இந்துமதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை, சலிப்புதான் இருந்தது, வெளியே இன்னும் இருபது பேர் இருந்தார்கள். சந்தேகம் இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள்.

"கால்சியமுங்க மேடம்."

டாக்டர் எழுதினாள். எழுதும் சத்தம் கேட்டது. அந்த ஒரு சொல்லை எழுத எவ்வளவு நேரம் ஆகும், அவ்வளவு நேரமும் இந்துமதி திருத்திவிடலாம் என்று காத்திருந்தாள், யார் திருத்துவார்கள் என்று காத்திருப்பவள்போல. பக்கத்தில் அத்தை அசையவில்லை. கால்சியமா என்று கேட்கவில்லை. அது உன் பழைய மாத்திரைதானே என்று கேட்கவில்லை. பேனா நின்றது. அடுத்த புதன்கிழமை வெறும் வயிற்றோடு வரச் சொன்னாள், கணவரையோ மகனையோ அழைத்து வரச் சொன்னாள். முப்பத்துமூன்றைக் கூப்பிட்டார்கள்.

வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் வாகை மரத்தடியில் சிமெண்டு பெஞ்சு ஒன்று இருந்தது. கொண்டுவந்த தயிர்ச் சோற்றை அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள் தெய்வாத்தாள். இந்துமதி டப்பாவைத் திறந்து மூடியில் அவளுக்குப் போட்டுக் கொடுத்தாள். சரி, பொய் சொன்னது சொன்னதுதான், இன்றோடு மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்தாள். தீர்ந்துவிட்டது, கடையில் வரவில்லை என்று சொன்னால் போயிற்று. பையில் இருக்கும் அட்டையைப் போகிற வழியில் சாக்கடையில் எறிந்துவிடலாம். புதன்கிழமைக்குள் கொஞ்சமாவது குறையும். குறையுமா. தெரியாது. குறைந்தால் குறையட்டும், தன் கையில் இருப்பது அது ஒன்றுதான், அதையாவது செய்ய வேண்டும். இப்படி ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தீர்மானமாக எடுத்துக்கொண்டிருந்தாள். தெய்வாத்தாள் நிதானமாகச் சாப்பிட்டாள், ஊறுகாயை விரலால் தொட்டுத் தொட்டு, சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு. மூடியைக் கழுவி ஊற்றினாள். பிறகு ஈரக் கையோடு இந்துமதியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பதினொரு வருடத்தில் அவள் இப்படிப் பிடித்ததில்லை.

"நல்ல வேளைக்குக் கால்சியம்னு சொன்ன புள்ள. எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டுது, எங்க நெசத்தைச் சொல்லிப்போடுவியோன்னு. சொல்லியிருந்தா நிறுத்துன்னுதான் சொல்லியிருப்பா. அது இல்லாம என்னால ஆகாது. மறுபடியும் அந்த எரிச்சல்ல கெடக்க முடியாது." கண் கலங்கியிருந்தது. பெத்த பிள்ளைங்க இத்தனை நெனைக்கமாட்டாங்க என்றாள். இந்துமதி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கை சூடாக, கனமாக இருந்தது. சொல்லு, இப்போது சொல்லு, அவள் அழுதாலும் பரவாயில்லை, இந்த மாத்திரைதான் அத்தை அது, இதனால்தான் அது. தெய்வாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கூச்சம் போய்விட்ட சிரிப்பு, பஸ்ஸிலிருந்து மகள்களுக்குப் போன் போடும்போது சிரிப்பாளே, அது.

"உனக்கு அது ஒட்டல. எனக்கு ஒட்டிப்போச்சு, பாரு." உள்ளங்கையை நீட்டினாள். மத்தியானம் ஆகிவிட்டது, சாப்பிட்டாயிற்று.

இந்துமதி பையைத் திறந்தாள். அட்டையில் ஆறு இருந்தது. கட்டைவிரலால் ஒன்றைப் பிதுக்கினாள். எப்போதும்போல முதலில் தாள் புடைத்து, பிறகு கிழிந்து, வெள்ளையாக வெளியே வந்தது. அதை அந்தக் கையின் நடுவில், ரேகைகள் கூடுகிற இடத்தில் வைத்தாள். தண்ணீர்ப் பாட்டிலைத் திருகித் திறந்து கொடுத்தாள். தெய்வாத்தாள் அண்ணாந்து வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீரை ஊற்றிக்கொண்டாள்.

"மெதுவாக் குடிங்கத்தை" என்றாள் இந்துமதி. "புரையேறப் போகுது."